மாமாவும் பழனிக்கு வந்தார்

2024 தைப்பூசத்துக்கு அம்மா பழனிக்கு நடந்து போனாள். வயது 62. வலது முட்டியில் தேய்மானம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவளோடு நடந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவர் என் தாய்மாமா. பெரியார் மறைந்த மறு வருடம், பதினெட்டு வயதில் போட்ட கருப்புச் சட்டையை ஐம்பது வருடமாகக் கழற்றாதவர்.

"உங்க மாமா எப்படிப்பா பழனிக்கு?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி பதில் சொல்லிச் சமாளித்தேன். நடந்ததை நடந்தபடி இங்கே எழுதி வைக்கிறேன்.

என் மகள் 2023 பங்குனியில் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1,150 கிராம். 41 நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அவள் விரல் என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. அம்மா ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து, பிள்ளை நல்லபடியாகத் தாய் மடிக்கு வந்துவிட்டால் நடந்தே வருகிறேன் முருகா என்று வேண்டிக்கொண்டாள். மாமா ரத்தம் கொடுக்க ஆள் பிடித்தார், காப்பீட்டுக் கவுண்டரில் வரிசையில் நின்றார், ராத்திரி டூட்டி நர்சுகளுக்கு ஃபிளாஸ்க்கில் டீ வாங்கிக்கொண்டு போனார். குழந்தை வீட்டுக்கு வந்த அன்றே இரண்டு பேருக்கும் ஆரம்பித்துவிட்டது.

"முருகன் காப்பாத்திட்டான்ணே."

"முருகனா? பொறந்த அன்னைக்கே குழாய் வழியா நுரையீரலுக்குள்ள ஒரு மருந்து விட்டாங்கள்ல, அது ஒட்டிக்காம விரியறதுக்கு? அந்த மருந்து காப்பாத்துச்சு. அதைக் கண்டுபிடிச்சவனுக்கு யாரு ஆத்தா நடக்கிறது?"

"அவனுக்கும் சேத்துத்தான்ணே நடக்கப் போறேன்."

மார்கழி பிறந்ததும் அம்மா மாலை போட்டுக்கொண்டாள். மாமா வந்து இரண்டு நாள் தங்கி, முட்டியைக் காட்டி, எக்ஸ்ரேயைக் காட்டி, பஸ்ஸில் போனால் முருகன் கோபித்துக்கொள்வானா என்று கேட்டு, எல்லாம் பேசிப் பார்த்தார். அம்மா அசையவில்லை. மூன்றாம் நாள் காலையில் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என்னைக்குப் பொறப்படணும்?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம்.

"வேண்டுதல் ஒன்னோடது. முட்டி எங்க ஆத்தா பெத்த முட்டி. அதுக்கு நான் வாரேன்."

எங்கள் ஊர் குன்றக்குடிப் பக்கம். நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடித்தான் பழனிக்குப் புறப்படும். நானூறு வருடத்துக்கு மேலான வழக்கம் என்று ஊரில் சொல்வார்கள். நாங்கள் காவடிக் கூட்டத்தோடு சேரவில்லை. திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று அதே பக்கமாக எங்கள் போக்கில் நடந்தோம். 150 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஜனவரி 19 வெள்ளிக்கிழமை விடியுமுன் கிளம்பி, 24ஆம் தேதி ராத்திரி அடிவாரம் சேர்வது என்று கணக்கு.

முதலில் குன்றக்குடி மலையில் ஏறி சண்முகநாதரைக் கும்பிட்டுவிட்டு வந்தாள் அம்மா. மாமா கீழே மடத்துக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். அவர் பெரியாரை நேரில் பார்த்ததில்லை. குன்றக்குடி அடிகளாரைப் பலமுறை பார்த்திருக்கிறார். ஐம்பதுகளில் கழகத்துக்காரர்கள் மேடை போட்ட ஊர்களில் எல்லாம் எதிர்மேடை போட்டவர் அடிகளார். பிறகு இரண்டு பேரும் சந்தித்துப் பேசினார்கள், நண்பர்கள் ஆனார்கள். பெரியார் குன்றக்குடி மடத்துக்கு வந்தபோது திருநீறு கொடுத்து வரவேற்றார்கள். கடவுள் இல்லை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனிதர் அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். மாமா இந்தக் கதையை நான் சின்னப் பையனாக இருந்தபோதிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கும் இருட்டில் நின்றபடி, "இந்த வாசல்லதான் மாப்ள" என்று தொடங்கினார். நான் தடுக்கவில்லை. எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அது அலுத்ததில்லை.

தை மாதத்து விடியற்காலையில் திருப்பத்தூர் ரோட்டில் நடப்பதுபோல் ஒரு சுகம் உண்டா என்று தெரியவில்லை. பனி இறங்கிக்கொண்டிருக்கும். துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டியிருப்போம். முன்னால் போகிறவரின் பையில் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர், பின்னால் வரும் வண்டி வெளிச்சத்தில் மின்னி மின்னி மறையும். எங்கிருந்தோ "வேல் வேல்" என்று ஒரு குரல் வரும், "வெற்றிவேல்" என்று இருட்டே பதில் சொல்வதுபோல நாலு பக்கமிருந்தும் குரல் எழும். வழிநெடுக ஊர்க்காரர்கள் சுக்குக் காப்பி அண்டாவோடு நிற்பார்கள். "சாமி, குடிச்சிட்டுப் போங்க சாமி" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். மாலை போட்டவர், போடாதவர் எல்லாரும் அங்கே சாமிதான். மாமாவையும் கூப்பிட்டார்கள். முதல் நாள் "நான் சாமி இல்லைங்க" என்று விளக்கம் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் நாள் பேசாமல் வாங்கிக் குடித்தார்.

அம்மா செருப்பில்லாமல் நடந்தாள். சிங்கம்புணரி தாண்டும்போது இடது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே எட்டணா அளவுக்குக் கொப்புளம். அன்று ராத்திரி ஒரு பள்ளிக்கூடத் திண்ணையில் தங்கினோம். மாமா தன் பையிலிருந்து ஊசியும் வெள்ளை நூலும் எடுத்தார். ஊசியை லைட்டரில் காட்டிச் சுட்டு, நூல் கோத்து, கொப்புளத்தின் ஒரு ஓரத்தில் நுழைத்து மறு ஓரத்தில் எடுத்தார். நூலை உள்ளேயே விட்டு இரண்டு பக்கமும் விரற்கடை நீளத்துக்கு நறுக்கினார். தோலை உரிக்கக் கூடாது, நூல் வழியாக நீர் தானாக வடிந்துவிடும், காலையில் தோல் படிந்துவிடும். வருடா வருடம் நடக்கிற ஒருத்தரிடம் புறப்படும் முன்பே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். தங்கச்சியின் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் குனிந்திருந்தார். அம்மா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு "முருகா" என்றாள்.

"முருகன்கிட்ட ஊசி இல்ல ஆத்தா. சும்மா இரு."

"ஊசியக் குடுத்து ஆளையும் அனுப்பியிருக்கான்ல."

மாமா பதில் சொல்லவில்லை. நூலை நறுக்கிவிட்டு எண்ணெய் தடவினார்.

இவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் யாரும் எழுதி வைக்காத சில ஏற்பாடுகள் உண்டு. அம்மா விளக்கேற்றும் நேரத்தில் மாமா வீட்டில் இருந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். எழுந்து வெளியே போக மாட்டார், கும்பிடவும் மாட்டார், பேசாமல் உட்கார்ந்திருப்பார். மாமா வீட்டு விசேஷங்களில் புரோகிதர் கிடையாது. அம்மா போய் முதல் வரிசையில் உட்காருவாள். வீட்டுக்கு வந்து தனியாக ஒரு தேங்காய் உடைப்பாள்.

2016இல் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் அம்மா கேட்டாள்: "அண்ணே, தலகாணிக்கு அடியில திருநீறு வச்சுக்கவா?" மாமா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அன்று ராத்திரி முழுக்க அவர் மயக்கத்தில்தான் கிடந்தார். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே கவசம் சொல்லிக்கொண்டிருந்தாள். முந்தானையில் திருநீற்றுப் பொட்டலம் முடிந்திருந்தது. இரண்டு முறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அண்ணனுக்குத் தெரியாமல் வைத்திருக்கலாம், நர்சுகள்கூடக் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அவள் வைக்கவில்லை. "வேண்டாம்னு சொன்ன மனுசன் தூங்கும்போது வைக்கிறது திருட்டுத்தனம்டா" என்றாள் என்னிடம். முடிச்சு அவிழ்க்கப்படாமலே வீடு வந்து சேர்ந்தது. கருத்து வேறுபாடு, சகிப்புத்தன்மை என்று யாராவது மேடையில் பேசக் கேட்டால் எனக்கு அந்த முந்தானை முடிச்சுதான் கண்ணுக்கு வரும்.

மூன்றாம் நாள் மத்தியானம் நத்தம் தாண்டி ஒரு அன்னதானப் பந்தல். வெயில் ஏறியிருந்தது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் புளியமரமும் மாந்தோப்பும் இருந்ததால் கொஞ்சம் தாங்க முடிந்தது. சாப்பிட்டுவிட்டுப் பாக்குமட்டைத் தட்டை எடுத்துக்கொண்டு எழும்போது, பக்கத்து வரிசையில் இருந்த ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும், காவி வேட்டி, தோளில் ஸ்பீக்கர் பெட்டி, மாமாவின் சட்டையைப் பார்த்துவிட்டு, "ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கீங்களா சாமி?" என்று கேட்டான். மாமா இல்லை என்றார். எந்தச் சட்டை என்றும் சொன்னார்.

பையன் முகம் மாறிவிட்டது. "நம்பிக்கை இல்லாதவரு எதுக்கு மாலை போட்டவங்க மத்தியில உக்காந்து சாப்பிடறீங்க? இது விரதச் சாப்பாடு. கேலி பண்றதுக்கு வந்தீங்களா?"

மாமா நிதானமானவர். ஆனால் அன்று வெயில், மூன்று நாள் நடை, சர்க்கரை மாத்திரை நேரம் தவறிப்போனது எல்லாம் சேர்ந்துகொண்டது. சோறு போட்டவன் எதுவும் கேட்கவில்லையே, நீ யாரப்பா கேட்க என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஸ்பீக்கரைக் காட்டி, "இதை முருகனா செஞ்சான்? சயின்ஸ் செஞ்ச பொட்டியத் தூக்கிட்டு மூடநம்பிக்கைக்கு ஊர்கோலம் போறீங்க" என்று குரலை உயர்த்தினார். பந்தலே திரும்பிப் பார்த்தது. பையனின் கூட்டாளிகள் எழுந்து வந்தார்கள். நான் மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அம்மா எங்களுக்கு முன்னாலேயே ரோட்டில் இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தாள். மாமா வேகமாகப் போய்ச் சேர்ந்து, "அவன்தானே ஆத்தா ஆரம்பிச்சான்" என்றார்.

"ஆரம்பிச்சான். தப்புதான். அவன் எதுக்கு நடக்கிறான்னு கேட்டியா நீ?"

அதற்கப்புறம் பேச்சில்லை. பத்துக் கிலோமீட்டர் இருக்கும். அம்மா முன்னால், மாமா இருபதடி பின்னால், நான் நடுவில்.

அவர்கள் பேசாமல் இருப்பதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். அதனால் எனக்குப் பயமாக இருந்தது. 2009இல் அப்பா இறந்தார். எங்கள் பக்கம் பதினாறாம் நாள் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். கொண்டுவர வேண்டியவர் மாமா. எல்லாரும் வெள்ளைச் சேலையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க, மாமா பச்சைச் சேலை கொண்டுவந்தார். சின்னாளபட்டிச் சுங்கடி. "என் தங்கச்சிக்கு நாற்பத்தேழு வயசு. அவ பூவையும் பொட்டையும் எடுக்க யாருக்கும் உரிமை இல்லை" என்று கூட்டத்துக்கு நடுவில் நின்று சொன்னார். கிழவிகள் வாயில் அடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு எனக்கு இருபத்தைந்து வயது. மாமா சொல்வதுதான் சரி என்று உள்ளுக்குள் நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அம்மா தலை நிமிராமல் சொன்னாள்: "எனக்கு இப்ப இதுதான் ஆறுதலா இருக்கு. அவர் போனதுக்கு நான் ஏதாவது கொடுக்கணும்போல இருக்கு. என்னைய விட்டுருண்ணே." மாமா சேலையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எட்டு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அந்த எட்டு மாதம் கழித்து மாமா வந்தபோது அம்மா வெறும் நெற்றியோடு டீ போட்டுக் கொடுத்தாள். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சீனி கூடிப்போச்சு என்றார். அதற்கப்புறம் ஒரு கார்த்திகை அன்று அம்மா குளித்துவிட்டு வந்து, கண்ணாடி முன் நின்று, தானாகவே பொட்டு வைத்துக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்டதற்கு, முருகன் கனவில் சொன்னான் என்றாள். மாமா அந்த வாரம் வந்தார். பார்த்தார். "அன்னைக்கே சொன்னேன்ல" என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கும். சொல்லவில்லை. அந்த வாரமில்லை, இன்று வரைக்கும் சொன்னதில்லை.

நத்தம் ரோட்டில் எனக்கு முன்னால் நடந்த அம்மா கட்டியிருந்த சேலை அந்தச் சுங்கடிதான். பழனிக்குப் போகிறவர்கள் பச்சை கட்டுவது வழக்கம். பதினைந்து வருடத்தில் அவள் அதைக் கட்டி நான் பார்த்ததில்லை. மாமாவுக்குத் தெரிந்ததா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். குன்றக்குடியிலேயே தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை நான் எழுவதற்குள் மாமா எங்கோ போயிருந்தார். அரைமணி நேரம் கழித்து அந்தப் பையனோடு வந்தார். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் அவர்கள் தங்கியிருப்பதை விசாரித்துத் தேடிப் போயிருக்கிறார். "தம்பி, நான் சொன்ன கருத்து என் கருத்துதான். அதை மாத்திக்கல. அத்தனை பேர் முன்னால அந்த மாதிரி சொன்னது தப்பு. மன்னிச்சுக்க" என்று சொன்னதாகப் பையனே அம்மாவிடம் சொன்னான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். அவன் அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். கீமோ ஏழு தடவை ஏற்றியாகிவிட்டது, எட்டாவது அடுத்த வாரம். மாமா அவனிடம் எந்த மருந்து, எந்த ஸ்டேஜ், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஊசி நூல் எடுத்து அவன் கூட்டாளி ஒருத்தனின் குதிகாலில் வேலையைத் தொடங்கினார். அம்மா டீ வாங்கி வந்து முதல் கப்பை அண்ணனிடம் நீட்டினாள்.

அதே நாள் மாமாவின் தோழர் ஒருவர் போனில் கூப்பிட்டு அரைமணி நேரம் திட்டினார். அதைப் பற்றி மாமா அதிகம் சொல்லவில்லை. "அவரு பார்வையில அவரு சரி" என்றார்.

திண்டுக்கல்லில் மலைக்கோட்டை தெரிகிற ஒரு மாடியில் படுத்திருந்தபோது மறுபடியும் பெரிய விவாதம் வந்தது. மாமா பேச்சைக் கருவறைப் பக்கம் திருப்பினார். எல்லா ஊரும் வெயிலில் நடந்து போகிறது, உள்ளே போய்ச் சாமியைத் தொடுவதற்கு மட்டும் ஒரு பிறப்பு வேண்டும் என்பது என்ன நியாயம்? அதற்காகத்தான் பெரியார் கடைசி வரைக்கும் போராடினார், 1970இல் சட்டம் திருத்தினார்கள், 1972இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தும் வழி அடைந்தே கிடந்தது, பயிற்சி முடித்த பையன்கள் வருடக்கணக்கில் காத்திருந்து 2021இல்தான் எல்லாச் சாதியிலிருந்தும் அர்ச்சகர்களாகப் பணி நியமனம் வாங்கினார்கள் என்று தேதியோடு அடுக்கினார். அம்மா படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுல நீ சொல்றதுதான்ணே சரி. சாமியைத் தொடக் கூடாதுன்னு சொல்றவன்கிட்ட எனக்கும் சண்டைதான். சாமிகிட்ட எனக்கு என்ன சண்டை?"

"அந்தச் சாமி பேரைச் சொல்லித்தானே ஆத்தா அவன் சொல்றான்?"

"ஒன் பேரைச் சொல்லி யாராவது கடன் வாங்குனா நான் ஒன்னையவா திட்டுவேன்?"

மாமா ரொம்ப நேரம் யோசித்தார். "நான் இருக்கேன். வந்து, நான் வாங்கலன்னு சொல்லுவேன். ஒன் முருகன் வந்து சொல்ல மாட்டேங்கிறானே" என்றார். அம்மாவிடம் பதில் இல்லை. காலையில் சொல்கிறேன் என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். காலையிலும் சொல்லவில்லை. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று, "நீ ராத்திரி கேட்டது நல்ல கேள்விண்ணே. எனக்குத் தெரியல" என்றாள். மாமா தலையை மட்டும் ஆட்டினார். அந்த இடத்தில் அவர் மேலே ஏறி அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

நான் அன்று முழுவதும் என் நண்பனை நினைத்துக்கொண்டு நடந்தேன். காலேஜில் ஒரே ரூம். இருபது வருடப் பழக்கம். 2019 தேர்தல் சமயத்தில் ஒரு ராத்திரி வாட்ஸ்ஆப்பில் ஆரம்பித்த வாக்குவாதம், பதினோரு மணிக்குள் முடிந்துவிட்டது, நட்பும் சேர்ந்து. அவன் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அவன் எதற்காக அப்படி நினைக்கிறான் என்று நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவன் சொல்லி முடிப்பதற்குள் என் பதிலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். மாமாவும் அம்மாவும் ஐம்பது வருடமாகச் சண்டை போடுகிறார்கள். அவர்களுக்கு நடுவில் எப்போதும் ஒரு வேலை இருந்திருக்கிறது. நெல் அவிக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றிப் படுக்க வேண்டும், யாருக்காவது கல்யாணம் பேச வேண்டும். எனக்கும் நண்பனுக்கும் நடுவில் கடைசியாக ஒரு போன் மட்டும்தான் மிச்சம் இருந்தது. ஒட்டன்சத்திரத்தில் அவனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. பிறகு ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கூப்பிட்டான். அது வேறு கதை, இன்னும் முடியவில்லை.

24ஆம் தேதி ராத்திரி பழனி எல்லையில் மலை தெரிந்தது. மேலே விளக்குச் சரம். அம்மா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். மாமா பையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று, போகிற வண்டிகளுக்குக் கையைக் காட்டி ஒதுங்கிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பூசத்தன்று படி வேண்டாம் என்று யானைப்பாதையில் ஏறினோம். சரிவாக இருப்பதால் முட்டிக்குக் கொஞ்சம் சுகம். அம்மா ஒரு கையை என் தோளிலும் மறு கையை மாமாவின் முழங்கையிலும் வைத்திருந்தாள். மேலே போனால் கோயிலுக்குள் செல்போன் கூடாது. 2023 அக்டோபரிலிருந்து அந்த ஏற்பாடு. மாமா வெளியே நிழல் பார்த்து உட்கார்ந்து, "எல்லாத்தையும் இங்க வச்சிட்டுப் போங்க" என்றார். திருப்பூர்ப் பையனும் அவன் கூட்டாளிகளும் அங்கே வந்து சேர்ந்தார்கள். போன்களையும் அந்த ஸ்பீக்கரையும் மாமாவின் துண்டில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். வரிசை ஐந்து மணி நேரம். நாங்கள் திரும்பி வந்தபோது பதினோரு போன்களையும் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, எந்தப் போன் யாருடையது என்று சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதிச் செருகி, காவல் காத்துக்கொண்டிருந்தார். அம்மா பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்து நீட்டினாள். "விருப்பாச்சிப் பழமும் கண்டசர்க்கரையும் பேரீச்சையும்தான்ணே. பிரசாதம்னு நீ நெனைக்க வேணாம்." மாமா விரலால் வழித்துச் சாப்பிட்டார். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு இன்னொரு விரல் எடுத்தார்.

நாங்கள் ஊர் திரும்பி ஐந்தாம் நாள், ஜனவரி 30 அன்று, பழனி கோயிலில் இந்து அல்லாதவர்களைக் கொடிமரம் தாண்டி விடக் கூடாது, அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும், சாமி மேல் நம்பிக்கை இருந்து வருகிறவர்களாக இருந்தால் உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு விட வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. மாமா அதைப் பேப்பரில் சத்தமாகப் படித்துக் காட்டினார். அவருக்கு நம்பிக்கை கிடையாது, ஆனால் சான்றிதழில் இந்து, அதனால் அவரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நத்தம் தாண்டி ஒரு ஊரில் எங்களுக்கு மோர் கொடுத்த பாய் எழுதிக் கொடுக்க வேண்டும். அம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "மோர் குடிக்கும்போது அவரு நம்மகிட்ட எதுவும் எழுதி வாங்கலையே" என்றாள். கோயிலுக்கென்று முறை உண்டு, அதைக் காப்பது அவர்கள் உரிமை என்று நினைக்கிறவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள், என் சித்தப்பா அப்படித்தான் நினைக்கிறார். நான் அம்மா பக்கம். சித்தப்பாவிடம் அதை நேரில் போய்ச் சொல்லிவிட்டு, அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 17 வந்தது. பெரியார் பிறந்தநாளுக்கு மாமா ஊரில் தெருமுனைக் கூட்டம். நீ வா என்று அவர் கூப்பிடவில்லை. அம்மாவாகவே, "நீ என் ஊர்வலத்துக்கு வந்தேல்ல" என்று பஸ் ஏறிப் போனாள். நானும் போனேன். நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு, அதே பச்சைச் சுங்கடி. முதல் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். பேச வந்த இளைஞர், பாவம், அவளைக் கவனிக்கவில்லையோ என்னவோ, பாதயாத்திரையைப் பற்றியே இருபது நிமிடம் பேசினார். உழைக்கிற நேரத்தை வீணாக்குகிறார்கள், காலைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள், அந்தக் காசில் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்றார். மேடை ஓரத்தில் மாமா நெளிந்துகொண்டிருந்தார். அம்மா ஒரு இடத்தில்கூடத் தலையைத் திருப்பவில்லை. பிள்ளைகள் படிப்பைப் பற்றிச் சொன்னபோது கை தட்டினாள்.

கூட்டம் முடிந்து மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். மாமா அம்மாவின் பையை வாங்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை.

"அந்தத் தம்பி நல்லாத்தான்ணே பேசுச்சு" என்றாள் அம்மா. "ஒரு தடவைகூட நடந்து பார்த்ததில்ல போல."

"வர்ற தைக்குக் கூட்டிட்டு வாரேன்" என்றார் மாமா. "நூல் கோக்க ஒரு ஆள் வேணும். எனக்குக் கண்ணு மங்குது."